இரு தரப்பின் சம்மதத்துடன்

"சார், நீங்க போயாச்சு," என்றார் வாசல் காவலாளி.

"எங்க போயாச்சு? உங்க மூக்குக்கு முன்னாடிதானே நிக்கறேன்!"

"அது எனக்கும் தெரியுது சார். ஆனா நோட்டுல நீங்க காலையில ஒன்பதே முக்காலுக்கே வெளிய போயிட்டீங்க. போனவரை மறுபடி வெளிய அனுப்ப எனக்கு அதிகாரம் கிடையாது. உள்ள வரணும்னா சொல்லுங்க, அதுக்கு வழி இருக்கு."

பூட்டு பேந்தப் பேந்த விழித்தான். பூட்டு என்பது ரசிகர்கள் வைத்த பெயர். பதினோரு வருடமாக அந்த ஹாக்கி கிளப்பின் கோல்கீப்பர் அவன்தான். அவன் நின்றால் கோல் பூட்டிக்கொள்ளும், சாவி எவனிடமும் கிடையாது என்று ரசிகர்கள் கத்துவார்கள். அப்பேர்ப்பட்டவனைத்தான் இந்த இரும்பு கேட் உள்ளே வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

அவனுக்கு மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். பஸ்ஸில் மூன்று மணி நேரம் போனால் வீடு. வீட்டில் மனைவியும் ஏழு வயது மகளும் இருந்தார்கள். வருடத்தில் பத்து நாள் தலைகாட்டிவிட்டு, மீதி நாளெல்லாம் கிளப் விடுதியில் கிடந்தவன் அவன். போன மாதம் மனைவி தொலைபேசியில் கறாராகச் சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவையும் ஏதாவது சாக்கு சொன்னீங்கன்னா, போட்டோவைக் காட்டி 'இதுதான் உன் அப்பா'ன்னு பாப்பாகிட்ட சொல்றதை நிறுத்திடுவேன். நீங்களே வந்து சொல்லிக்குங்க."

அதற்குப் பிறகுதான் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள அவன் கிளப்பிடம் கெஞ்சினான். இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருந்தது. "கோல்கீப்பர் இல்லாம நாங்க என்ன பண்றது?" என்று கிளப் மூக்கால் அழுதது. கடைசியில் இரு தரப்பும் மனமொத்துப் பிரிவது என்று முடிவாகி, எட்டுப் பக்கத்தில் காகிதம் தயாரானது. எட்டுப் பக்கத்தையும் எவன் படிப்பான்? எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டான்.

காலையில் அலுவலகத்தில் பேனாவைக் கையில் எடுத்தது நன்றாக நினைவிருந்தது. அடுத்து நினைவிருப்பது உடை மாற்றும் அறையின் பெஞ்சு. கண் விழித்தபோது மணி பன்னிரண்டு. அலுப்பில் கண்ணயர்ந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டான். காலில் பேடும் நெஞ்சில் கவசமும் எப்படி ஏறின என்பதுதான் விளங்கவில்லை.

"அது மட்டும் இல்ல சார்," காவலாளி அவன் காலைக் காட்டினார். "கிளப் சாமானைப் போட்டுக்கிட்டு வெளிய போகக் கூடாது."

"கழட்டிட்டா விடுவீங்களா?"

"கழட்டுங்க, பார்ப்போம்."

பூட்டு குனிந்து இடது கால் பேடின் வாரைத் தளர்த்தி, உள்ளே விரலை விட்டான். ரொம்ப தூரம் விட்டான். எதுவும் தட்டுப்படவில்லை. சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். விரலை மெதுவாக வெளியே எடுத்து, வாரை முன்னைவிட இறுக்கிக் கட்டினான். இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை என்று அப்போதே முடிவு செய்தான்.

"கழட்டலையா சார்?"

"கூச்சமா இருக்கு," என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு ஓடினான்.

அலுவலக மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவனை ஒரு பார்வை பார்த்தாள். ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை. பதினோரு வருடத்தில் அவள் எதற்கும் ஆச்சரியப்பட்டு அவன் பார்த்ததும் இல்லை.

"மேடம், நான் வெளிய போயிட்டதா கேட்ல எழுதியிருக்காங்க. தப்பு. அடிச்சுக் கொடுங்க."

"எழுதினதை அடிக்க முடியாது. 'நான் வெளியே போகவில்லை'ன்னு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

எழுதினான். கையெழுத்துப் போட்டான். அவள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினாள்.

"இது கையெழுத்து இல்லையே சார். இது நீங்க ரசிகருக்குப் பந்துல கிறுக்கிக் கொடுக்கறது."

குனிந்து பார்த்தான். உண்மைதான். 'பூட்டு' என்று எழுதி, கீழே ஒரு சின்னப் பூட்டுப் படம் போட்டிருந்தான். கை பழகிவிட்டது என்று அசடு வழிந்தபடி மறுபடி போட்டான். மறுபடியும் பூட்டு. மூன்றாம் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக யோசித்து எழுதினான். பூட்டுப் படம்தான் முன்னைவிட அழகாக வந்திருந்தது.

"உங்க சொந்தப் பேரை எழுதுங்க சார்," என்றாள் மேடம், பொறுமையாக.

"எழுதத்தான் போறேன். என் பேர் வந்து..." நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அம்மா அப்பா வைத்த பெயர்! நாக்கு நுனியில்கூட இல்லை. "அந்த ஒப்பந்தத்தைக் கொஞ்சம் காட்டுங்க மேடம். அதுல இருக்குமே!"

"அது அவர் சொந்த விஷயம், காட்டக் கூடாது," என்று அவள் காகிதத்தின் மேல் கையை வைத்து மூடினாள்.

"அவர்னா யாரு?"

மேடம் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள். "பாருங்க சார். நீங்க போயிட்டீங்கன்னா, இங்க நிக்கறது தப்பு. போகலைன்னா, நீங்க இன்னும் எங்க கோல்கீப்பர். பயிற்சி நேரத்துல கோல்கீப்பர் வெளிய போகணும்னா கோச் சீட்டு எழுதித் தரணும். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

"போகலை! போகலை! இங்கதான் இருக்கேன்!"

"நல்லது," என்று அவள் நிம்மதியாக எதையோ குறித்துக்கொண்டாள். அவள் முகத்தில் அந்த நிம்மதியைப் பார்த்ததும் அவனுக்கு என்னவோ செய்தது. எதையோ கொடுத்துவிட்டோம் என்று தோன்றியது. எதை என்றுதான் தெரியவில்லை.

திடலில் செயற்கைப் புல்லுக்குத் தண்ணீர் அடித்து முடித்திருந்தார்கள். கோச் அவனைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"வாடா பூட்டு! எழுந்துட்டியா?"

"சார், எனக்கு ஒரு சீட்டு வேணும். மூணு மணி பஸ்..."

"தாராளமா! பத்து பந்து பிடிச்சுட்டுப் போ. அப்புறம் யாரு உன்னைத் தடுக்கப் போறா?"

பத்துப் பந்துதானே என்று கோலுக்குள் போய் நின்றான். முதல் பந்து வந்தது, தட்டினான். இரண்டாவது மூலைக்குப் போனது, பாய்ந்து தடுத்தான். பாய்ந்த பிறகுதான் உறைத்தது: முட்டி வலிக்கவில்லை. ஐந்து வருடமாக மாடிப்படி ஏறும்போதெல்லாம் உயிரை வாங்கிய முட்டி! ஏழாவது பந்து எகிறி, கவசமில்லாத முழங்கையில் பட்டது. கட்டையில் பட்ட மாதிரி 'டொக்' என்று ஒரு சத்தம்.

பந்தடித்தவன் மட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். "அண்ணே, அடி பலமா?"

"இல்லையேடா."

"ஒண்ணுமே வலிக்கலையா?"

"வலிக்கலைடா, விடேன்!"

பந்தடித்தவன் அந்த முழங்கையையே பார்த்துக்கொண்டு பின்னோக்கி நடந்தான். அதற்கப்புறம் அவன் பக்கத்தில் வரவே இல்லை.

பத்து இருபதானது, இருபது அறுபதானது. ஒரு பந்தும் உள்ளே போகவில்லை. சொட்டு வியர்வை இல்லை, மூச்சும் வாங்கவில்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்வதென்றால் அவனுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு நாள் ஆடியதில்லை. மணிக்கூண்டைப் பார்க்கும்வரை பஸ் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. மணி இரண்டரை!

"சார், சீட்டு!"

கோச் அவன் தோளை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார், கதவு உறுதியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது மாதிரி. "இத்தனை வருஷம் முட்டி, பாப்பா, முட்டி, பாப்பான்னு புலம்பியே என் உயிரை எடுத்தான் அவன். நீ பாரு, தங்கம்! உன்னை எப்படிடா நான் வெளிய விடுவேன்?"

"எவன் சார் புலம்பினான்?"

கோச் காது கேளாதவர் மாதிரி ஊதலை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பூட்டுக்கு உண்மையாகவே பயம் வந்தது. இனிமேல் ஒரே வழிதான், வீட்டுக்குப் பேசிவிடுவது. "மாட்டிக்கிட்டேன், கொஞ்சம் லேட்டாகும், கோபப்படாதே" என்று சொல்லிவிட்டால் பாதி பாரம் இறங்கும். சட்டைப்பையில் கையை விட்டால் பையே இல்லை. மறுபடி அலுவலகத்துக்கு ஓடினான். மேடம் கோப்பைப் பார்த்து எண்ணை அழுத்தி, ரிசீவரை நீட்டினாள்.

"ஹலோ?" மனைவியின் குரல். அதில் இப்படி ஒரு துள்ளலைக் கேட்டு எத்தனையோ காலமாகிறது.

"நான்தான்மா பேசறேன். கோபிச்சுக்காதே. இங்க ஒரு சின்னச் சிக்கல், வர கொஞ்சம்..."

மறுமுனையில் கலகலவென்று சிரிப்பு. "கிளப்லேர்ந்தா? யாருங்க அது, குரல் அச்சு அசலா அப்படியே இருக்கே! கடைசி நாள்லகூட உங்க கிண்டலை விடமாட்டீங்களா? அவர் ஒரு மணிக்கே வந்துட்டார்."

"யாரு வந்தா?"

"என் வீட்டுக்காரர்தான், வேற யாரு? வந்ததும் வராததுமா சாப்பிடக்கூட இல்ல. பாப்பாவோட வாசல்ல ஹாக்கி ஆடறார். பாப்பா இதுவரைக்கும் பன்னிரண்டு கோல் போட்டுடுச்சு!"

பூட்டுக்கு ரத்தம் கொதித்தது. "பன்னிரண்டா? பன்னிரண்டை உள்ள விட்டானா அவன்?"

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவனுக்கே தூக்கிவாரிப்போட்டது. ஒருவன் தன் வீட்டுக்குள் புகுந்து, தன் மனைவியைச் சிரிக்க வைத்து, தன் மகளோடு ஆடிக்கொண்டிருக்கிறான். அதைவிட அந்தப் பன்னிரண்டு கோல்தான் தனக்குப் பெரிதாகப் பட்டதா? பாப்பா மூன்று வயதில் உருட்டிவிட்ட ரப்பர் பந்தைக்கூட அவன் விட்டுக்கொடுத்ததில்லை. அது அழும். அப்போதும் விட்டதில்லை. விட அவனுக்கு வராது.

"ஆமாங்க," என்றாள் மனைவி. "ஒவ்வொரு தடவை வரும்போதும் கல்லு மாதிரி வந்து நிப்பார். இன்னிக்குத்தான் மனுஷனா வந்திருக்கார். முட்டி வலின்னு முனகறார், வியர்த்து ஊத்துது, ஆனா சிரிக்கறார்."

அவளுக்குப் பின்னால் ஒரு குழந்தை "கோல்!" என்று கூவியது. கூடவே ஓர் ஆண் வயிறு குலுங்கச் சிரித்தான். தன் சிரிப்பு எப்படி இருக்கும் என்று பூட்டுக்குத் தெரியும். அது அதேதான்.

ரிசீவரை வைத்தவன் வாசலுக்குப் பறந்தான். கேட் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினான். "திறய்யா! எவனோ என் வேஷம் போட்டுக்கிட்டு என் வீட்டுல உட்கார்ந்திருக்கான்! என்னை மாதிரியே கையெழுத்துப் போட்டு எல்லாரையும் ஏமாத்திட்டான்! போலீஸைக் கூப்பிடு! என் பொண்ணுய்யா அது!"

காவலாளி திறக்கவில்லை. அதட்டவும் இல்லை. சங்கடத்தோடு தலையைச் சொறிந்துவிட்டு, உள்ளே பார்த்து யாருக்கோ கையசைத்தார். விளையாட்டுச் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், தோளில் ஒரு துண்டோடு அவசரமே இல்லாமல் நடந்து வந்தார். மட்டை, பந்து, ஹெல்மெட் எல்லாம் அவர் பொறுப்பு. பூட்டின் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக, நோகாமல் பிரித்தெடுத்தார்.

மூன்று மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனது.

"பெரியவரே, நீங்களாவது சொல்லுங்க, அவன் என்னை ஏமாத்திட்டான்," என்று பூட்டு விம்மினான். அழுகை வந்தது, ஆனால் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

பெரியவர் துண்டால் அவன் நெஞ்சுக் கவசத்தைப் பரிவோடு துடைத்துக்கொண்டே சொன்னார்: "யாரும் ஏமாத்தலப்பா, ரெண்டு தரப்பும் பேசி ஒத்துக்கிட்டதுதான், அந்த மனுஷன் வீட்டுக்குப் போகலாம், அவருக்குள்ள இருந்த கோல்கீப்பரை மட்டும் கிளப்புலயே கழட்டி வெச்சுட்டுப் போயிடணும்னு. வா, நேரமாச்சு, உன்னை ஈரம் போகத் துடைச்சு மாட்டணும்."