ஆழமில்லாக் கடலில் ஓர் இடம் கோரி

1. இதை எழுதுபவன் ஹியோன் சங்பே, வயது 64, ஜேஜு தீவு, ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர், பூ கும்னியோவின் கணவன்.
2. பெறுபவர் நம் ஊரில் கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் பெண்களின் சங்கத் தலைவி, என் உடன்பிறந்த அக்கா ஹியோன் சுனாய் அவர்கள்.

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு, தங்கள் காதுவலி தணிந்திருக்கும் என்ற நம்பிக்கையோடு எழுதுவது.

எழுபது வயது கடந்தவர்களுக்கென ஒதுக்கிய கரையோரக் கடலில், அறுபத்தொரு வயதான என் மனைவிக்கு வரும் திங்கள் முதல் இடம் தர வேண்டுகிறேன். காரணம் சொல்லக் கூசுகிறது. சொல்லாவிடில் மனு நிற்காது. சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் தசைகள் அவளுக்குத் தளர்ந்து, கருப்பை இறங்கத் தொடங்கியிருக்கிறது. இனியும் பாரம் இழுத்தால் வெளியே வந்துவிடலாம் என்கிறார் மருத்துவர். காரணம் ஒன்றல்ல: நான்கு பிரசவம், அதில் மூன்றாமவன் நாலேகால் கிலோ, அவன் பிறந்த ஒன்பதாம் நாளே கடலில் இறங்கியது, நாற்பது வருடம் சிப்பி நிறைந்த ஈர வலைப்பையைப் பாறைமேல் இழுத்தது, பத்து வருட இருமல், மலச்சிக்கல், மாதவிடாய் நின்றது, இவ்வளவும் போதாதென்று அவளே கண்டுபிடித்த வைத்தியம், அதாவது மூழ்குவதற்குக் கட்டும் ஈயப் பட்டையில் இரண்டு கட்டி கூடுதலாகக் கோத்து வயிற்றை இறுக்கியது. "இறுக்கிக் கட்டினா மேலயே நிக்கும்ங்க" என்றாள். மேலிருந்து அழுத்தினால் கீழேதான் போகும் என்று மருத்துவர் படம் வரைந்தார். படத்தை நான் பார்த்தேன் என்று உறுதிகூற இயலாது. போன வாரம் கரையேறினவ பாறையில உக்காந்தா, எழுந்திரிக்கவே இல்ல, என்னம்மா ஆச்சுன்னு நான் ஓடினா, "கத்தாதீங்க, உங்க அக்கா காதுல விழுந்துரப் போவுது"ங்கறா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல அக்கா.

தாங்கள் மறுத்தால் திங்களன்று அவள் ஆழத்துக்கே போவாள். தடுக்க என்னிடம் சட்டம் எதுவும் இல்லை.

தங்கள் மூச்சு நீளட்டும், அலை அடங்கியிருக்கட்டும்.

பின்குறிப்பு: உறையில் இடுமுன் கும்னியோ இதைப் பிடுங்கிக்கொண்டு, தாங்கள் எல்லோரும் குளிர்காயும் இடத்துக்கே வந்ததும், எல்லோர் முன்னும் தாங்கள் உரக்கப் படித்ததும் தாங்கள் அறிந்ததே, பதிவுக்காக எழுதுகிறேன். யாரும் சிரிக்கவில்லை என்கிறாள். தாங்கள் தாளை மடித்துவிட்டு, "எனக்கும் இறங்கி எட்டு வருஷமாச்சு, உள்ள ரப்பர் வளையம் வச்சுத்தான் நிக்குதுடி. உன் காதுல விழுந்துரும்னுதான் நானும் வாயத் தொறக்கல" என்றீர்களாம். பிறகு இன்னும் ஐந்து பேர் கை தூக்கினார்களாம். ஆகவே மேலே "என் மனைவி" என்று வரும் இடமெல்லாம் "நாங்கள் ஏழு பேர்" என்று வாசிக்கவும். மனு கொடுப்பவரே அதற்குத் தீர்ப்பும் சொல்வது முறையன்று என்று, அவளோடு வீட்டுக்கு வந்த தங்களிடம் சுட்டிக்காட்டினேன். "எழுதுடா" என்றீர்கள். எழுதிவிட்டேன்.

ஒப்பம்: ஹியோன் சங்பே
சாட்சிகள்: பூ கும்னியோ, ஹியோன் சுனாய்