துரைசாணி தலையில் கொழுந்து

போன வருஷம் வரை, 'தெரியாது' என்ற சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. எல்லாம் தெரிந்ததால் அல்ல. அதைச் சொல்வதற்கு எதிரே நிற்கிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டும், அந்தத் தைரியம் எனக்கு இல்லை. தலையாட்டுவது சுலபம். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை தலையாட்டியே வந்தேன். ஆறாம் வகுப்பு அங்கே இல்லாததால் நின்றேன். (இருந்திருந்தால் இன்னும் ஆட்டியிருப்பேன்.)

ஐம்பதுகளில், இலங்கையில் எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பெரிய துரையின் பங்களாவில் எனக்குப் பூந்தோட்ட வேலை. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரத் துரைமார் பலர் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் துரை மட்டும் போகப்போவதில்லை என்று காட்டுவதற்காகவோ என்னவோ, பங்களாவுக்குப் பின்னால் ஒரு நீச்சல் தடாகம் கட்டினார். தொழிலாளர் லயத்துச் சனங்கள் அதைத் 'தொர தொட்டி' என்றார்கள்.

பங்களாச் சமையல்காரர் பேதுரு அப்பு. அவர் மகள் ரோசாலி, துரையின் மனைவியான துரைசாணிக்குக் கையுதவி. எனக்கு ரோசாலியைக் கொடுப்பதாகப் பேச்சு. அதில் ஒரே ஒரு நிபந்தனை.

"பங்களா வேலையில இருக்கிற வரைக்கும் நீ எனக்கு மருமகன். தேயில மலையில எறங்கி கவ்வாத்து வெட்டப் போனியோ, நீ யாரோ நான் யாரோ."

அந்த வருஷம் மழை பொய்த்தது. தடாகத்துக்குத் தண்ணீர் வருகிற ஓடை நூலாக இளைத்துவிட்டது. இருந்த தண்ணீர் பாசி பிடித்து, கீரைக் கடைசல் மாதிரி ஆனது. இறைத்துவிட்டு நிரப்பலாம் என்றால் நிரம்ப மாதக்கணக்காகும்.

ஒரு திங்கட்கிழமை துரை கூப்பிட்டார். "சவரி! தண்ணி பச்சை. சனிக்கிழமை பெரிய ஆள் வரும், நீந்தும். கிளீன் பண்ண தெரியும்?"

தலையை ஆட்டினேன்.

"பண்ணாட்டி, மலைக்கு வேலைக்கு போ."

அதற்கும் ஆட்டினேன்.

சமையலறை வாசலில் பேதுரு அப்பு மறித்தார். "நெசமாவே தெரியுமாடா?" அவருக்கும் ஆட்டினேன். உள்ளே ரோசாலி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்று நாள் பாசியை வழித்தேன். முதலில் வாளியால், பிறகு சமையலறைச் சல்லடையால். ("டேய், அதுலதான்டா நான் கேக்குக்கு மாவு சலிக்கிறேன்!") வழிக்க வழிக்க வளர்ந்தது.

வியாழக்கிழமை, தேயிலைக்கு மருந்து அடிக்கும் கும்பலின் கங்காணியிடம் போனேன். இலையில் கொப்புளம் விழாமல் இருக்க, நீலக் கல் மாதிரி இருக்கும் மயில்துத்தத்தைச் சுண்ணாம்போடு கரைத்து அடிப்பார்கள்.

"பாசியா? மயில்துத்தம் பட்டா பாசியோட பாட்டனும் சாவான்," என்றார் கங்காணி.

"எவ்வளவுங்க?"

"நாங்க பீப்பாய்க்கு ஒரு சுண்டு போடுவோம்."

சுண்டு என்றால் அரிசி அளக்கிற சின்னத் தகரக் குவளை. செடிக்கு எவ்வளவு என்று சொன்னார். துரை குளிக்கிற தண்ணீருக்கு என்று அவரும் நினைக்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்வதென்றால் பேச வேண்டுமே.

தடாகக் கரையில் குப்புறப் படுத்து, எத்தனை பீப்பாய் அடங்கும் என்று மனதுக்குள் அடுக்கினேன். கணக்குப் பிசகாமல் சுண்டு சுண்டாக அளந்து கொட்டினேன். ஐந்து வருஷப் படிப்பும் அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது.

மறுநாள் காலை தவளைகள் எல்லாம் கரையேறி வரிசையாக உட்கார்ந்து என்னைப் பார்த்தன. அதை அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும். நான் தண்ணீரைத்தான் பார்த்தேன். பாசி செத்து அடியில் கிடந்தது. கூட்டி அள்ளியதும் தண்ணீர் நீலமாக, அடியில் விழுந்த ஊசி தெரியும்படி இருந்தது.

"வெரி குட், சவரி!" என்றார் துரைசாணி. பேதுரு அப்பு முதல் தடவையாக என்னை 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டு ஒரு துண்டு கேக் கொடுத்தார்.

சனிக்கிழமை வந்த பெரியவருக்குத் தலை வழுக்கை. கர்த்தர் அவரைக் காப்பாற்றினார். துரைசாணிக்கோ தோள்வரை தங்க நிற முடி. சனி முழுக்க நீந்தினார், ஞாயிறும் நீந்தினார்.

ஞாயிறு சாயங்காலம் புல்வெளியில் தேநீர். தலையைத் துவட்டிக் காயவைத்தபடி துரைசாணி வெயிலில் உட்கார்ந்திருந்தார். தட்டோடு போன பேதுரு அப்பு பாதி வழியில் நின்று, வேலியோரம் இருந்த என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: "டேய் சவரி, அங்க பாரு. தொரசாணி தலையில கொழுந்து விட்டிருக்கு."

பார்த்தேன். உச்சியிலிருந்து நுனிவரை இளம்பச்சை. கூடையோடு வந்தால் பறித்துவிடலாம்.

வழுக்கைப் பெரியவர் அதைக் கண்டு சிரித்தார். துரைசாணி கண்ணாடியைப் பார்க்க உள்ளே ஓடினார். அங்கிருந்து எழுந்த சத்தத்துக்கு, தொழிற்சாலைச் சங்கு என்று நினைத்து லயத்தில் இரண்டு பேர் வெளியே வந்தார்களாம்.

"சவரி! தண்ணியில நீ என்ன போட்டது?"

தலையாட்டிப் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. "மயில்துத்தம்ங்க தொர. பீப்பாய்க்கு ஒரு சுண்டு. கணக்கு சரிங்க தொர."

செடியில் அடித்த மருந்தை மழை கழுவிவிடும். தேங்கிக் கிடக்கிற தண்ணீரில் எது கழுவும்? மயில்துத்தத்தில் இருந்த செம்பையெல்லாம் துரைசாணியின் முடிதான் இழுத்துக்கொண்டது.

ரோசாலி மூன்று நாள் புளிக்கிற தேசிக்காயைப் பிழிந்து அந்தத் தலையைத் தேய்த்தாள். பச்சை மெல்ல மெல்லக் களிம்பு பிடித்த பித்தளை நிறத்துக்கு இறங்கியது. நான் திங்கட்கிழமையே மலைக்கு இறங்கினேன். துரை என்னைப் போட்டது மருந்து அடிக்கும் கும்பலில். ("நல்லா அளக்கிற ஆள்," என்றாராம்.)

பேதுரு அப்பு சொன்ன சொல் மாறவில்லை. பேச்சு முறிந்தது என்று ஆளனுப்பினார். ஆனால் ரோசாலி அவரிடமே சொன்னாளாம்:

"மூணு நாளா தொரசாணி தலைய தேய்க்கிறேன் அப்பா, சிரிப்ப அடக்கி அடக்கி வயிறு நோவுது. இந்த ஆளக் கட்டுனா காலம் பூரா சிரிக்கலாம்."

"சிரிச்சா வயிறு நெறையுமா?"

"நெறையாட்டி பங்களாவுல நீங்க ஆக்குறீங்கதானே."

அப்பு இறங்கிவந்தார். அடுத்த வருஷம் கோயிலில் பாதிரியார் கல்யாண ஓலை வாசித்து அறிவித்த பிறகு கட்டிக்கொண்டோம்.

அன்றிலிருந்து வீட்டில் எதையும் கலக்க எனக்கு அனுமதி இல்லை. பிள்ளைக்கு இருமல் மருந்தைக் கையில் எடுத்தாலும் "எத்தன சுண்டு?" என்பாள். போன வருஷம் மகள் கல்யாணத்துக்கு, நரைத்த தலைக்கு அடிக்க இரத்தோட்டையில் மை வாங்கி வந்தேன். கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாள். கண் மங்கிப்போன பேதுரு அப்பு மூலையிலிருந்து கேட்டார்: "என்னா, மாப்பிள்ளைக்கும் கொழுந்து விடப் போகுதா?"

வெள்ளைத் தலையோடுதான் கல்யாணத்தில் நின்றேன். புது மருமகன் பாவம், ஒன்றும் அறியாதவர். "ஏன் மாமா மை போடல? கலக்கத் தெரியாதுங்களா?" என்றார்.

நானும் துணிந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"தெரியாதுங்க."

"பொய் சொல்றாரு," என்றாள் ரோசாலி. "கணக்கோட தெரியும்."