தவக்காலப் பந்தயம்

அந்தோனிதாசன் முக்காலியில் ஏறி, குசினி அலுமாரியின் மேலிருந்த பட்டர் பிஸ்கட் தகரப் பேணிக்குள் கையை விட்ட நேரம் பார்த்துத்தான் மனைவி கத்தரீனா வீட்டுக்குள் வந்தாள்.

“என்னப்பா, மேல ஏறி நிண்டு என்ன செய்யிறியள்?”

“தூசி தட்டுறன்.”

“தவக்காலத்தில நல்ல புத்திதான். அப்பிடியே மற்ற அலுமாரியளையும் தட்டிவிடுங்கோ.”

ஐந்நூறு குரோணரைக் காற்சட்டைப் பைக்குள் ஒளித்த பாவத்துக்கு, மனிதர் பின்னேரம் முழுக்கத் தூசி தட்டினார்.

அந்தப் பேணியில் இருந்தது லூர்து மாதாவிடம் போவதற்கான காசு. முழங்கால் நோ மாறினால் வருவேன் என்று கத்தரீனா நேர்த்தி வைத்திருந்தாள். நோ மாறிவிட்டது. மே மாதம் பயணம்.

வினை தொடங்கியது டென்மார்க்கின் கோல்டிங் நகரத் தொழிற்சாலைக் கன்டீனில். கூட வேலை செய்யும் டானியல் போனைக் காட்டினான்.

“தாசண்ணை, அமெரிக்காவில கொலிஜ் பெடியளின்ர கூடைப்பந்துக்கு எவ்வளவு காசு கட்டுறாங்கள் தெரியுமே? கோடிக்கணக்கான டொலர்!”

தாசன் வாயைப் பிளந்தார். யாழ்ப்பாணத்தில் கொலிஜ் என்றால் பள்ளிக்கூடம். அவருடைய கொலிஜ் கூடைப்பந்தில் வென்றபோது ஃபாதர் தின்ன ஆளுக்கொரு பணிஸ் கொடுத்தார், அவ்வளவுதான்.

கன்டீனிலும் பந்தயம் நடந்தது. ஒருவர் ஒரு அணிக்குக் கட்டினால், அதே தொகைக்கு எதிரணிக்கு டானியல் ஆள் பிடிப்பான். இரண்டு பக்கக் காசும் வென்றவருக்கு.

“எனக்கு எதிராக் கட்டுறது ஆர்?”

“அது சொல்லக்கூடாதண்ணை. பிறகு சண்டை வரும்.”

கூடைப்பந்தைப் பற்றித் தாசனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆகவே புனிதர் பெயர் வைத்த கொலிஜாகப் பார்த்துக் கட்டினார். தவக்காலத்தில் புனிதர்கள் கைவிடுவார்களா என்ன? கைவிட்டார்கள். நோன்பிருந்து களைத்துப்போனார்களோ என்னவோ, படுதோல்வி.

விட்டதைப் பிடிக்க மறுபடியும் பேணியைத் திறந்தவர் திகைத்துப்போனார். ஒரு தாள்கூடக் குறையவில்லை!

ஆயிரம் எடுத்தார், தோற்றார், திறந்து பார்த்தார். பேணி பழையபடி நிறைந்திருந்தது. ஐந்து அப்பத்தைப் பெருக்கியவருக்கு இந்தப் பேணி எம்மாத்திரம் என்று தாசன் சிலுவை போட்டுக்கொண்டார். அற்புதம் தந்த துணிச்சலில், அடுத்த வெள்ளிக்கிழமை பேணியில் பாதியை அள்ளிக் கொண்டுபோய்க் கட்டினார்.

அன்று பின்னேரம் கத்தரீனா சொன்னாள், “இஞ்சேருங்கோ, நாளைக்கு லூர்துக் காசு கட்டவேணும்.”

தாசன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். இந்த முறை அணிக்காக அல்ல, அவளுக்காகவே செபமாலை சொன்னார். முழங்கால் நோவோடு அவள் வேலைக்குப் போய்வந்த நாட்களெல்லாம் நினைவுக்கு வந்தன. தன்மேல் அவருக்கே வெறுப்பாக இருந்தது.

மறுநாள் காலை டானியல் பெரிய உறையோடு வீட்டுக்கே வந்தான்.

“தில்லுக்க, தாசண்ணை!” என்று டேனிஷில் வாழ்த்தினான். “உங்கட புனிதர் வெண்டிட்டார்!”

தாசனுக்குக் கண் கலங்கிவிட்டது. தேத்தண்ணி குடி என்று அவனைக் குசினியில் இருத்திவிட்டு, கத்தரீனா வடை சுடும் பக்கம் திரும்பியிருந்த சமயம் பார்த்து முக்காலியில் ஏறினார். எடுத்த பாதியைத் திருப்பி வைத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது.

பேணியைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. மற்றப் பாதியும் போய்விட்டது.

“ஐயோ, கள்ளன்!” என்று கத்தியவர், முக்காலியிலிருந்து இறங்கும்போதே அழத் தொடங்கினார். “கத்தரீனா, முதல் கள்ளன் நான்தான். உம்மட காசை எடுத்துப் பந்தயம் கட்டினனான். பாதிதான் எடுத்தனான், மற்றது எங்கையெண்டு சத்தியமாத் தெரியாது. இந்தாரும், வெண்ட காசு முழுக்க உமக்குத்தான். இனிப் பந்தயமே வேண்டாம்!”

கத்தரீனா உறையை வாங்கினாள். எண்ணிப் பார்க்கவில்லை. அப்படியே பேணிக்குள் போட்டு மூடினாள்.

“இனிமேல் இல்லைத்தானே?”

“மாதாவாணை இல்லை!”

“அப்ப சரி. நீங்களும் வடை சாப்பிடுங்கோ.”

தாசன் ஒன்றும் புரியாமல் நின்றார். டானியல் வடையை வாய்க்குள் வைத்தபடி கத்தரீனாவைக் காட்டிச் சொன்னான்:

“இண்டைக்குத்தானண்ணை அக்கா உங்களிட்ட முதன்முதலாத் தோத்தவா.”