மாஸ்டர் காய்ச்சிய பாகு

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் மாஸ்டர் ஃபோனில் வாயை விட்டார். விட்ட வாயைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கார் ஓட்டத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை நம்பி உயிர் வாழ்கிறவர். வீட்டில் அவர் பக்கம் அந்த வசதி கிடையாது. ஸ்டியரிங், பிரேக், ஹாரன் எல்லாமே மனைவியிடம். அவளுக்குப் பல் டாக்டரின் கிளினிக்கில் வேலை. நடுங்கிக்கொண்டு வருகிறவர்களை, "ஒண்ணும் இல்லீங்க, சும்மா உக்காருங்க" என்று சொல்லியே நாற்காலியில் சாய்த்துவிடுவாள். அவர்கள் எழுந்திருக்கும்போது பல் இருக்காது.

ஃபோனில் பேசியது சகலை. மனைவியின் அக்கா வீட்டுக்காரர், துணிக்கடை மேனேஜர். நாளை மதியம் குடும்பத்தோடு சாப்பிட வருவதாகவும், வழக்கம்போலத் தன் கையால் செய்த கேக்கைக் கொண்டுவருவதாகவும் சொல்லி, உங்க கையால ஒரு பாதாம் டாஃபியாவது உண்டா என்று சிரித்தார். இந்தக் கேக்கின் புகழை மாஸ்டர் வருஷா வருஷம் கேட்டு வருகிறார். எங்க அத்தான் மாதிரி வருமா என்று மனைவி பெருமூச்சு விடும்போதெல்லாம், கேக்கைத் தொடாமலேயே அவருக்கு வயிறு எரியும்.

அந்த எரிச்சலில்தான், இந்த வருஷம் தானும் கைப்படப் பாதாம் டாஃபி செய்து ஆளுக்கொரு பாட்டில் கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். ஃபோனை வைத்த பிறகுதான், டாஃபியைத் தின்னத் தெரியுமே தவிரச் செய்யத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது.

மனைவி சிரிப்பாள், இல்லாவிட்டால் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் இரண்டும் செய்யவில்லை.

"நல்ல யோசனைங்க. செய்யுங்க" என்றாள்.

மாஸ்டர் குழம்பிப்போனார். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய எந்த யோசனைக்கும் அந்த அடைமொழி கிடைத்ததில்லை.

முதலில் பாட்டில் வேண்டும், அது பரணில் இருக்கிறது என்றாள். ஏறினார். பாட்டில்கள் பரணின் கடைசி மூலையில் இருந்தன. அவற்றுக்கு முன்னால் செத்துப்போன மிக்ஸி, ஒரு தொட்டில், கழுத்து ஆடும் டேபிள் ஃபேன், தொப்பையைக் குறைக்க அவர் வாங்கி ஒருநாள் தூக்கிப் பார்த்த இரும்புக் குண்டுகள். எல்லாவற்றையும் இறக்கினால்தான் பாட்டிலுக்கு வழி. இறக்கினார். இறக்கியதை மறுபடி ஏன் ஏற்றணும், தெருமுனைப் பழைய சாமான் கடையில் போட்டுவிட்டு வந்துவிடலாமே என்றாள். நியாயமாகத்தான் பட்டது. போட்டுவிட்டு வந்தார்.

திரும்பி வந்தால், சமையலறை ஃபேனுக்கு நேர் கீழே ஸ்டூல் காத்திருந்தது. ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய துணி.

"டாஃபிக்கும் ஃபேனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்.

"ஃபேன் போடாம டாஃபி எப்படிங்க ஆறும்? போட்டா இத்தனை வருஷத் தூசியும் எங்க விழும்?"

ஏறித் துடைத்தார். இறக்கிய பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு அலமாரிக் கதவைச் சரிசெய்தார். கதவு இடுக்கு வழியாக எறும்பு போகுமாம். குழாய்க்கு வாஷர் மாற்றினார். சொட்டுத் தண்ணீர் தெறித்தால் டாஃபி நசநசத்துவிடுமாம். ஒவ்வொரு வேலையும் தனியாகப் பார்த்தால் முறையாகத்தான் இருந்தது. சேர்த்துப் பார்த்தால் தலை சுற்றியது. மாலைக் காப்பியைக் கையில் வாங்கும்போது, தான் எதற்காகக் காலையில் எழுந்தோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. அவள்தான் நினைவுபடுத்தினாள்.

ஒருவழியாக அடுப்புக்கு வந்தார். சர்க்கரையைக் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கிளறினார். கம்பிப் பதம் வரணும் என்று ஹாலிலிருந்து அவள் குரல் கொடுத்தாள். எந்தக் கம்பி என்று அவருக்குப் புரியவில்லை. கம்பி நீட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. குனிந்து பாகின் பதத்தைப் பார்ப்பதற்குள், பாகு ஒரு சொட்டுத் தெறித்து அவர் புறங்கையைப் பதம் பார்த்துவிட்டது. கையை உதறிக்கொண்டு ஓடி, குழாயில் காட்டிவிட்டுத் திரும்பினால் பாகு கறுத்து இறுகியிருந்தது. அவசரமாக அடுப்பை அணைத்து, சற்றுப் பொறுத்துக் கரண்டியைத் தூக்கினார். பாத்திரமும் கூடவே வந்தது.

மாஸ்டர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். நாளைக்குச் சகலை முன்னால் எந்த முகத்தோடு நிற்பது? இருபது நாள் கற்றுக்கொடுத்தும் ரிவர்ஸில் போய்ச் சுவரை முட்டுகிறவர்களை அவர் எத்தனை தடவை ஏளனமாகப் பார்த்திருப்பார். இப்போது அவர்கள்மேல் பரிதாபம் வந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். நேரே எதிர்வீட்டு டீச்சரிடம் போனாள். திரும்பியபோது கையில் ஒரு அட்டைப்பெட்டி. அது நிறையப் பொன்னிறப் பாதாம் டாஃபி. ஒன்றை எடுத்து அவர் வாயில் போட்டாள். கரைந்தது.

"போன வாரமே செஞ்சு அங்க வெச்சிருந்தேன். நீங்க கழுவின பாட்டில்ல போட்டு, பேரை எழுதிக் குடுத்துடுங்க."

"போன வாரமா? நான் சொன்னதே இன்னைக்குக் காலைலதானே?"

"உங்களை எனக்குத் தெரியாதா" என்று சொல்லிவிட்டு, புண்ணுக்கு மருந்து எடுக்கப் போய்விட்டாள்.

மாஸ்டருக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியில் கண் கலங்கியது. மனசைப் படித்து வைத்திருக்கிறாளே என்று நெகிழ்ந்துபோய், கேட்காமலேயே அந்தப் பாத்திரத்தைச் சுரண்ட உட்கார்ந்தார்.

மறுநாள் சகலை டாஃபியைத் தின்றுவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி பாராட்டினார். மாஸ்டர் தலையைக் குனிந்து, இதெல்லாம் சின்ன வேலை என்றார். சாப்பாடு முடிந்ததும் சகலை அவரைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போய், கதவைச் சாத்தி, மெதுவாகக் கேட்டார்.

"பரணா, ஒட்டடையா?"

மாஸ்டர் விழித்தார். "ரெண்டும்தான். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து அந்த ஃபோனைப் பண்ணச் சொன்னதே உங்க வீட்டம்மாதான் சகலை. என்ன பேசணும்னும் சொல்லிக் குடுத்தாங்க."

"அப்ப உங்க கேக்கு?"

"எனக்கு முட்டை உடைக்கவே தெரியாது. வருஷா வருஷம் கேக் செய்யறேன்னு உக்காருவேன். வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடிச்சுட்டு எழுந்திருப்பேன்."

உள்ளே மனைவியின் குரல் கேட்டது. டாஃபி இவ்வளவு நன்றாக வந்ததால் அடுத்த கிறிஸ்துமஸுக்கு இவரே கேக் செய்யப்போகிறார் என்று அவள் தன் அக்காவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சகலை மாஸ்டரின் தோளில் கை வைத்தார்.

"சுவத்துக்கு என்ன கலர்னு இப்பவே கேட்டு வெச்சுக்குங்க."