செங்கல் எழுத்தும் சிங்கவரத்துப் பொங்கலும்

கூச்சப்படுகிறவன் சந்தேகப்பிராணியாக ஆவதில் வியப்பில்லை. மற்றவர்கள் வாய்விட்டுக் கேட்டு முடித்துக்கொள்வதை அவன் மனசுக்குள் விசாரணை நடத்திக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நான் அந்த ஜாதி. போதாக்குறைக்கு, செஞ்சியில் ஒரு அரிசி மில்லில் மூட்டை எடை பார்க்கும் வேலை.

மகளுக்கு ஏழாம் மாதம். தை கடைசியில் வளைகாப்பு முடித்து வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரி ராத்திரியில் தோட்டத்துக் கோடிக்கு நடக்கக் கூடாது என்பதால், வீட்டை ஒட்டிக் கழிப்பறையோடு ஒரு குளியலறை கட்ட முடிவு செய்தோம். சிங்கவரம் ஏழுமலை மேஸ்திரி இடத்தை அளந்துவிட்டு, "ரெண்டாயிரம் கல்லு எறக்கிக்கோங்கண்ணே, ஒடயறதுக்கும் சேத்து" என்றார்.

அந்த 'ஒடயறதுக்கு' என்னை உறுத்தியது. (உடையுமா, இல்லை சிங்கவரத்துக்கு நடந்து போகுமா?) காலண்டர் தாளின் பின்பக்கம் நீளம், உயரம், கனம் எல்லாம் பெருக்கி, வாசற்படி அளவைக் கழித்து, நானே கணக்குப் போட்டேன். பத்தாவது படித்த படிப்பு அன்றுதான் பயன்பட்டது. ஆயிரத்து எண்ணூறு கல்லே இறக்கினேன். மேஸ்திரி கல் அடுக்கிய அட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நூல் பிடிக்கப் போய்விட்டார். அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

சுவர் பாதி எழும்பியபோது பொங்கல் வந்து வேலை நின்றது. பொங்கலன்று விடியற்காலையில் பார்த்தால், தெருவோரம் அடுக்கியிருந்த அட்டியில் ஒரு மூலையைக் காணோம். மனைவியைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு சிங்கவரம் போனேன்.

மேஸ்திரி வீட்டு வாசலில் மூன்று செங்கல் மேல் பொங்கல் பானை. அவர் மனைவி அஞ்சலை, "வாங்கண்ணே, குந்துங்க, பால் பொங்கற நேரம்" என்று சொல்லி வெல்லம் எடுக்க உள்ளே போனார். என் கல்லில் சூளைக்காரர் இரண்டு எழுத்து பதித்திருப்பார். வெளிப்பக்கம் எழுத்தில்லை; நெருப்பைப் பார்த்த பக்கத்தைப் பார்த்துவிட்டால் போதும். குளிர் காய்வது போலக் குந்தி, ஒரு குச்சியால் கல்லை லேசாகப் புரட்டினேன். கல் புரண்டது. பானையும் புரண்டது.

அடுப்பு அணைந்தது. பாதிப் பொங்கல் என் காலில் பொங்கியது. ஈரத் துண்டோடு ஓடி வந்தார் மேஸ்திரி.

"இன்னாண்ணே தேடினீங்க?"

"கல்லு" என்றேன். (பொய் சொல்லவும் தைரியம் வேண்டும்.)

அவர் அந்தக் கல்லை நிமிர்த்திக் காட்டினார். எழுத்தே இல்லை.

"எங்க பழைய வூட்ட இடிச்ச கல்லுண்ணே இது. இனிமே உங்க செவுத்த நீங்களே கட்டிக்கோங்க."

வெந்த காலோடு வண்டியில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தேன். வீட்டுக்கு வீடு வாசலில் பொங்கல் பானை. பானைக்கு மூன்று செங்கல். எல்லாவற்றிலும், வெளியே தெரிய, என் இரண்டு எழுத்து. என் வீட்டு வாசலிலும்தான்.

"நேத்து சாயங்காலம் வந்து கேட்டாங்க, குடுத்தேன். பொங்க முடிஞ்சா திரும்பி வரப்போவுது. உங்கள கேட்டா வுடுவீங்களா?" என்றாள் மனைவி. நடந்ததைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. "பொண்ணு வர்றதுக்குள்ள மேஸ்திரிக்கு எங்க போவீங்க?" என்றவள், எங்கள் பொங்கலைப் பானையோடு தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறினாள். என்னைக் கூப்பிடவில்லை. நல்லதுதான்.

காணும் பொங்கல் முடிந்து மேஸ்திரி வந்தார். என்னோடு பேசாமல் சுவரோடு மட்டும் பேசினார். திரும்பி வந்த கற்களில் பல சூட்டில் வெடித்திருந்தன. கடைசி வரிசைக்குக் கல் போதவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் அவரே சைக்கிளில் கல் கட்டிக்கொண்டு வந்தார். எழுத்தில்லாத பழைய கல். மகள் வருவதற்கு முதல் நாள் கதவு மாட்டினோம்.

பேத்திக்கு இப்போது நாலு வயது. வருஷா வருஷம் பொங்கலன்று விடிந்ததும் அஞ்சலை என் மனைவிக்கு போன் செய்வார்.

"அக்கா, அண்ணன் வூட்லதான இருக்காரு? அடுப்பு மூட்டலாமா?"

மனைவி என்னை ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள்.

"கண்ணெதிரதான் குந்திக்கினு இருக்காரு. நீ மூட்டு."