மிளகாய் மூட்டைக்குள் ஒரு பல்பு

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் பல்பின் ஆயுளை நம்புகிறவர்கள் கடற்கரையில் குடியிருந்து பார்க்காதவர்கள். உப்புக்காற்று ஹோல்டருக்குள் புகுந்து பச்சையாகப் பூத்துவிடும். வோல்டேஜ் ஒரு நேரம் ஏறும், ஒரு நேரம் இறங்கும். பல்பு இரண்டு தரம் கண் சிமிட்டும், அதோடு சரி. இதெல்லாம் இப்போது எனக்கு மனப்பாடம். கல்யாணமாகி மாரியூர்ப் பக்கம் இந்தக் கடற்கரைக்கு வந்த புதிதில் ஒன்றும் தெரியாது. நான் பிறந்தது கமுதிப் பக்கம். அங்கே மிளகாய் காயும், பருத்தி காயும், வெயிலில் நாங்களும் காய்வோம். பல்பு மட்டும் அது பாட்டுக்கு வருஷக்கணக்கில் எரியும்.

என் வீட்டுக்காரர் சேவியர் கொச்சியில் விசைப்படகில் தங்கல் தொழிலுக்குப் போகிறவர். (தங்கல் என்றால், போன படகு நாள்கணக்கில் கடலிலேயே கிடக்கும். போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் மலையாளத்தில் சொல்வாள். அவள் குரலை நான் வெறுக்காத நாளில்லை.) கல்யாணமான கொஞ்ச நாளிலேயே அவருக்கு அழைப்பு வந்துவிட்டது. கிளம்புகிற அன்று கடலைப் பார்த்த பின்சுவரில் புது எல்.இ.டி. பல்பு ஒன்றை மாட்டினார். எங்கள் தெருவில் வீட்டு ஆம்பளை கடலில் இருந்தால் பொழுது சாய்ந்ததும் பின்வாசல் விளக்கைப் போட்டுவிடுவது வழக்கம். கொச்சிக் கடலிலிருந்து பார்த்தால் எங்கள் பின்வாசல் தெரியாது என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்.

"அழுகாத புள்ள. இந்த பல்பு போறதுக்குள்ள வந்திருவேன்."

சும்மா பேச்சுக்குச் சொன்னது. புத்தியுள்ள பெண் சிரித்துவிட்டு விட்டிருப்பாள். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வருவார் என்று புதுச் சேலைக்கு ஃபால்ஸ் தைத்து வைத்திருந்தேன். வரவில்லை. அடுத்த தங்கல் முடிந்ததும் வருவதாகப் போனில் சொன்னார். அந்த வாரம்தான் பல்பு முதல் தரம் கண் சிமிட்டியது. பல்பு போய், அவர் வராமல் இருந்தால், சொன்ன சொல் என்னாவது என்று யோசித்தேன். அதற்கு மேல் யோசிக்கப் பயமாக இருந்தது.

அன்றிலிருந்து நான் பல்புக்கு ஆயா வேலை பார்க்க ஆரம்பித்தேன். போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். ஹோல்டரைச் சுத்தமாக வை என்றார்கள். மெயினை அணைத்துவிட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஈரம் படவிடாதே என்றார்கள். பாலிதீன் பையால் முக்காடு போட்டேன். சூடு வெளியேறாவிட்டால் பல்பு சீக்கிரம் போய்விடும் என்று இன்னொருவர் சொன்னதும், பதறிப்போய் முக்காட்டைப் பிய்த்தேன். தேவையில்லாமல் எரியவிடாதே என்பதுதான் எல்லோரும் சேர்ந்து சொன்னது. அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் விளக்கே போடாமல் இருக்க என் மாமியார் விடுவாரா? மகன் கடலில் இருக்கும்போது பின்வாசல் இருட்டாகக் கிடக்கக்கூடாது என்று ஒரே பிடிவாதம். கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மாலையில் ஜெபமாலை சொல்லி முடிக்கும்வரை பல்பு எரியும். முடிந்ததும் நான் கழற்றிவிடுவேன். (அந்த நாட்களில் நான் சொன்ன 'அருள் நிறை மரியே'யை மாதாவே நிறுத்தி நிதானமாகச் சொல்லச் சொல்லியிருப்பார். அவ்வளவு வேகம்.)

கழற்றிய பல்பை எங்கே வைப்பது? கமுதிப் பக்கம் ஈரம் படக்கூடாத எதையும் மிளகாய் மூட்டைக்குள் செருகி வைப்போம். நிலப்பத்திரம்கூட அங்கேதான் இருக்கும். சீரோடு சீராக என் அய்யா அனுப்பியிருந்த முண்டு மிளகாய் வத்தல் மூட்டை அடுப்படியில் இருந்தது. பல்பு தினமும் அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

ஒருநாள் மாமியார் மீன் ஆய்ந்துகொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்.

"பல்பு போறதுக்குள்ள வாரேன்னுதானே சொன்னான்? நீ அதைச் சாகவிடாம வச்சிருந்தா, அவன் எதுக்குடி அவசரமா வாரான்?"

எனக்குத் தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியது மாதிரி ஆயிற்று. இவ்வளவு நாளும் அவரை வரவிடாமல் காவல் காத்தது நான்தானா? அன்று மாலை பல்பை மாட்டிவிட்டு, விடிய விடிய எரியட்டும், எரிந்து தொலையட்டும் என்று தீர்மானித்தேன். ஜெபமாலை முடிந்தது. பல்பு ஒரு தரம் சிமிட்டியது. என் தீர்மானமும் அதோடு முடிந்தது. ஓடிப்போய்க் கழற்றி மிளகாய்க்குள் புதைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பின்வாசலில் தடதடவென்று யாரோ ஓடிவரும் சத்தம். அடுத்து, மணலில் கிடந்த பழைய நங்கூரத்தில் எதுவோ மோதிய சத்தம். அதற்கடுத்து "யாத்தே" என்று ஒரு குரல்.

மாமியார் விளக்குமாற்றோடு எனக்கு முன்னால் பாய்ந்துவிட்டார். திருடன் என்று நினைத்து இருட்டில் நாலு சாத்து சாத்தியதும்தான் அடி வாங்கியது தன் மகன் என்று தெரிந்தது. நான் அடுப்படிக்கு ஓடி, மூட்டைக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவி, பல்பை எடுத்துவந்து மாட்டினேன். வெளிச்சத்தில் பார்த்தால், காலைப் பிடித்துக்கொண்டு சேவியர். முகமெல்லாம் மணல். எத்தனை மாதம் பார்க்காத முகம். இரண்டு கையாலும் ஆசை ஆசையாக அந்தக் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

மிளகாய்க் கை.

அதன்பிறகு அவர் போட்ட சத்தத்துக்குத் தெருவே கூடிவிட்டது. கண்ணீர் தாரை தாரையாக ஓடியதைப் பார்த்து, பெண்டாட்டி மேல் எவ்வளவு பாசம் பார் என்று பெண்கள் உருகினார்கள். ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ஈரத்துண்டைக் கண்ணில் வைத்தபடியேதான் வந்தார். சொல்லாமல் கரை வழியாக வந்து என்னை அசத்தலாம் என்று நினைத்தாராம். அப்புறம் ஏன் அப்படி ஓடிவந்தீர்கள் என்று கேட்டேன்.

"கரையில இருந்து பாத்தேன், லைட்டைக் காணோம். உனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நினைச்சேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கண்ணைத் துடைக்கத்தான் பயமாக இருந்தது.

கணுக்கால் எலும்பில் விரிசல் விட்டிருந்தது. மாவுக்கட்டுப் பிரிக்கும்வரை வீட்டோடு கிடந்தார். அவருக்கு வலிக்கிறதே என்று நான் வருத்தப்பட்டது உண்மை. அந்த நாட்களைப் போல் சந்தோஷமாக நான் இருந்ததில்லை என்பதும் உண்மை.

இப்போது எங்கள் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அவர் மறுபடி கொச்சியில்தான். அந்த பல்பு இன்னும் சாகவில்லை, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு பின்சுவரில் இருக்கிறது. அவர் போனில் அடுத்த தங்கல் முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லும்போதெல்லாம், "பல்பைக் கழட்டுடி, தன்னால வாரான்" என்பார் மாமியார். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். போனிலேயே அவரும் சிரிப்பார்.

போன வாரமும் அப்படித்தான் சிரித்தோம். மாலையில் ஜெபமாலை முடிந்து மாமியாரும் மகளும் உள்ளே போனபிறகு, நான் ஸ்டூலைப் போட்டு ஏறி பல்பைக் கழற்றினேன். மிளகாயில் வைக்கவில்லை, கை சுத்தமாக இருக்கட்டும் என்று மடியில் வைத்துக்கொண்டேன். அவர் காலில் இடிக்கக்கூடாதே என்று நங்கூரத்தை ஓரமாக நகர்த்தினேன். கொஞ்ச நேரம் இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பிறகு நங்கூரத்தைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டேன்.