செம்பொன்காட்டின் ஒரே குற்றவாளி

தேசப்படம் அச்சடித்தவர்கள் மறந்து விட்டுவிட்ட ஒரு மூலையில் செம்பொன்காடு என்றொரு நாடு இருந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்களே மன்னரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அங்கு இருந்தது. அதுவரை நடந்த நான்கு முறையும் அவர்கள் பூபதிராயரையே தேர்ந்தெடுத்தார்கள். வேறொருவர் போட்டியிடுகிறார் என்ற செய்தி டி.வி.யில் வராததே காரணம். அந்த டி.வி.யை வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்தவர் மன்னர். அதில் பேசியவர்கள் மன்னரின் மைத்துனரிடம் சம்பளம் வாங்கியவர்கள்.

தலைநகரின் சந்தைத் தெருவில் அய்யாக்கண்ணு தையல் கடை வைத்திருந்தார். ஐம்பது வயது, அதிகம் பேசாத மனிதர். ஆளைப் பார்த்தே தோள் அளவு சொல்லிவிடுவார். அந்த வருடக் கோடையில், ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வருகிறவர்கள் குடிநீரில் விஷம் கலக்கிறார்கள் என்று டி.வி. மூன்று நாள் விடாமல் சொன்னது. நான்காம் நாள் மாலை, அக்கரையைச் சேர்ந்த போர்வை வியாபாரி எல்லப்பன் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கக் குனிந்தார். யாரோ கத்தினார்கள். நாற்பது பேர் கூடிவிட்டார்கள். அய்யாக்கண்ணு டி.வி.யை அணைத்துவிட்டு, துணி அளக்கும் கோலோடு தெருவில் இறங்கினார். முதல் அடி அவருடையது.

எல்லப்பன் ஆறு வருடமாக அவர் கடையில்தான் மூட்டையை இறக்கி வைத்து மத்தியானச் சோறு சாப்பிடுவார். அடி விழுந்தபோது, "அண்ணே, நான்தான்ணே" என்றார். ஆள் தெரியாமல் அடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டார் போலும்.

அரசு விரைந்து செயல்பட்டது. ஒரே வாரத்தில் பார்வையாளர் நிரபராதிச் சட்டம் வந்தது. டி.வி. பார்த்த மூன்று நாளுக்குள் ஒருவர் செய்யும் எதற்கும் அவர் பொறுப்பல்லர். மக்கள் விரும்புவதைத்தான் தாம் காட்டுவதாக மைத்துனர் ஒரு மனு போட்டார். அவரும் பொறுப்பல்லர் என்று முடிவாயிற்று. எல்லப்பனின் இறப்புச் சான்றிதழில், காரணம் என்ற இடத்தில் 'நிகழ்ச்சி' என்று எழுதினார்கள்.

மக்கள் பட்டாசு வெடித்துச் சட்டத்தை வரவேற்றார்கள். பிறகு அதற்குள் குடியிருக்க வேண்டி வந்தது. பஸ் டிரைவர் ஒருவர் படத்தில் பார்த்ததுபோல் பாலத்தில் வண்டியைத் திருப்பினார். பதினோரு பேர் ஆற்றில் போனார்கள். மருமகளுக்குச் சூடு வைத்த மாமியார் எட்டரை மணித் தொடரின் பெயரைச் சொல்லிவிட்டுக் கோர்ட்டிலிருந்து வரும் வழியில் பூ வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள். வயிற்றுக்குள் கத்தரிக்கோலை வைத்துத் தைத்த டாக்டர், முந்தின நாள் கிரிக்கெட் பார்த்ததற்குச் சாட்சி கொண்டுவந்தார். பார்க்காத யாரும் தவறிப்போய்க் குற்றவாளி ஆகிவிடக் கூடாதே என்ற கருணையால், தினம் நான்கு மணி நேரம் டி.வி. பார்ப்பது கட்டாயம் என்று மன்னர் அடுத்த ஆணையைப் பிறப்பித்தார்.

அந்த நாட்களில்தான் எல்லப்பனின் மனைவி அஞ்சலை சந்தைத் தெருவுக்கு வந்தாள்.

"இந்தத் தெருவுலதான் எங்க வீட்டுக்காரர் செத்தாரு. யார் அடிச்சதுன்னு கேட்டா யாரும் அடிக்கலைங்குறாங்க. எல்லாக் கடையிலயும் கேட்டுட்டேன். நீங்களாச்சும் சொல்லுங்க."

அய்யாக்கண்ணு மிஷினை நிறுத்தினார். "நான் அடிச்சேம்மா" என்றார்.

அவள் அழவில்லை. "அதைப் போயி சர்டிபிகேட் எழுதுன எடத்துல சொல்லுங்க. எம் பொண்ணு பெரிசாகிக் கேட்டா, உங்கப்பனை நிகழ்ச்சி அடிச்சதுன்னா நான் சொல்றது?"

மறுநாள் அய்யாக்கண்ணு கடையைத் திறக்கவில்லை. சான்றிதழ் எழுதிய பொறுப்பு நீக்கத் துறைக்குப் போனார். ஆணையர் சர்வேசுவரன் கண்ணாடியை மூக்கில் இறக்கி விசாரித்தார்.

"சம்பவ தினத்தன்று தொலைக்காட்சி கண்டீரா?"

"பாத்தேனுங்க."

"ஆகவே நீர் நிரபராதி. அடுத்தவர் வரலாம்."

"இல்லீங்க ஐயா. அது சொன்னது நெசந்தான். ஆனா எந்திரிச்சுப் போனது நானு. அந்த ஆளை எனக்குத் தெரியும். விஷம் வைக்கிற ஆளில்லேன்னும் தெரியும். நாலு பேரு பாக்குறாங்களேன்னு அடிச்சேன்."

ஆணையர் பேனாவை மூடினார். இதை எழுதிக்கொள்ளத் துறையில் படிவமே கிடையாது.

"நீர் பொறுப்பென்றால் மீதி முப்பத்தொன்பது பேர்? அவர்கள் பொறுப்பென்றால் செய்தி வாசித்தவர்? அவருக்குச் சம்பளம் கொடுப்பவர்? இது எங்கே போய் நிற்கும் என்று சிந்தித்தீரா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. எங்கிட்டேருந்து ஆரம்பிக்குது. அது தெரியும்."

அன்றே அவரைச் சிறையில் வைத்தார்கள். தேர்தல் நெருங்கிய சமயம். மன்னர் கோபத்தில் கொதித்தார். ஆனால் ஆணையர் சும்மா அந்த நாற்காலிக்கு வந்தவரல்லர். "மகாராஜா, நாட்டில் பொறுப்புள்ளவர் என்று ஒருவர் கடைசியில் கிடைத்திருக்கிறார். இவரை வீணாக்கலாமா?" என்றார்.

மூன்றாவது ஆணை வந்தது: பொறுப்பை ஒப்புக்கொண்டவர் எவரோ அவரே எல்லாவற்றுக்கும் பொறுப்பு. விசாரணை நேரடியாக ஒளிபரப்பானது. மழை பொய்த்தது யாரால், அரிசி விலை ஏறியது யாரால், பாலம் உடைந்தது யாரால் என்று மாலைதோறும் விவாதம் நடந்தது. அன்று கூட நின்று அடித்தவர்கள் டி.வி.க்குப் போன் போட்டு, அய்யாக்கண்ணு எப்போதும் துணியைத் திருடித்தான் தைப்பார் என்று சொல்லி ஆறுதல் அடைந்தார்கள்.

தீர்ப்பு நாளில் அஞ்சலை மகளோடு கோர்ட்டின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு குற்றங்களைக் குமாஸ்தா தண்ணீர் குடித்துக் குடித்து வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் அய்யாக்கண்ணு நிமிர்ந்து பார்த்தார். பட்டியல் முடிந்தது.

"எல்லப்பன் பேரு வரலைங்களே" என்றார்.

நீதிபதி காகிதத்தைப் புரட்டினார். "அது முடிந்துபோன வழக்கு. அதை யாரும் செய்யவில்லை."

அஞ்சலை எழுந்து நின்றாள். "அதை மட்டுந்தாங்க இவரு செஞ்சாரு" என்றாள். உடனே நாடெங்கும் சோப்பு விளம்பரம் ஓடியது. விளம்பரம் முடிந்தபோது திரையில் மன்னரின் திருமுகம் இருந்தது.

அய்யாக்கண்ணு ஆயுள் முழுவதும் சிறையில் கிடந்தார். தீர்ப்புக்கு அடுத்த வாரம் நடந்த தேர்தலில் பூபதிராயர் ஐந்தாம் முறையாக வென்றார். அரிசி விலை மறுபடி ஏறியது. செம்பொன்காட்டில் இன்று யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். மன்னருக்கு ஓட்டுப் போட்டவர் என்று ஒருவர்கூட அகப்பட மாட்டார்.